வதரித் திருமொழியும் மலைவழியும்

திருமங்கையாழ்வாரின் பெரிய திருமொழியில் முதற்பத்தின் தொடக்கம் வடநாட்டு மலைகளைச் சார்ந்தது. இரண்டாம் திருமொழி திருப்பிரிதிக்கும், மூன்றும் நான்கும் வதரிக்கும், ஐந்தாவது சாளக்கிராமத்திற்கும் உரியன. ஒரே தலத்திற்கு இரண்டு திருமொழிகள் அடுத்தடுத்து அமைந்தது ஏன் என்பது சிந்திக்கத்தக்கது.

நான்காம் திருமொழி கங்கைக்கரையில் எழுந்தருளியிருக்கும் எம்பெருமானின் பெருமையைப் பேசுவது. அங்குப் பாயும் ஆற்றுக்கு மலைநாட்டார் வழங்கும் பெயர் அளகநந்தா. தேவப்ரயாகையில், பெரியாழ்வார் பாடிய கண்டமென்னும் கடிநகரில், பாகீரதியோடு கூடிய பின்னரே அது கங்கை எனப்படுகிறது. ஆழ்வார் திருவுள்ளத்தில் அவ்வேறுபாடு இல்லை.

மூன்றாம் திருமொழியோ முதுமையைப் பற்றியது. கோலூன்றி, முதுகு வளைந்து, கால் தள்ளாடும் நிலை வருமுன் வதரியை வணங்குவோம் என்கிறார். இதனை வைராக்யத்தை விளைக்கும் உபதேசமாகக் கொள்வது முறையே. ஆயினும் நடந்து சென்றவர்களுக்கு அது சொல்லளவில் நின்ற உபதேசமன்று. ரிஷிகேசத்திலிருந்து வதரிவரை ஏறக்குறைய முந்நூறு கிலோமீட்டர் மலைவழி. சிலசில மைலுக்கு ஒன்றாக இருந்த 'சட்டி' எனும் தங்குமிடங்களில் இரவைக் கழித்து, வாரக்கணக்கில் ஏற வேண்டும். ஸந்நிதி ஏறத்தாழ 3,100 மீட்டர் உயரத்தில் உள்ளது. பனிக்காலத்தில் ஆண்டில் ஏறக்குறைய பாதி நாள் திருக்காப்பிடப்பட்டிருக்கும். கால் தள்ளாடியவருக்கு அவ்வழி இல்லை.

திருப்பிரிதியின் நிலை வேறு. அங்கு ஆழ்வார் தம் நெஞ்சையே சென்றடையுமாறு ஏவுகிறார். இமயச்சாரலில் கறிக்கொடி படர்ந்திருப்பதாகவும் பாடுகிறார். மிளகு தென்மலைகளுக்கு உரியதாதலின், அங்குத் தமிழ்க் குறிஞ்சியின் சாயல் படிந்திருக்கிறது எனலாம். இவ்வர்ணனையைக் கொண்டு ஊரைத் துணிவது எளிதன்று. யாத்ரிகர் வழக்கில் ஜோஷிமடமே திருப்பிரிதி. மானஸரோவரத்தருகே தேடுவாரும் உளர். வழக்கை மறுக்கப் பாசுரத்தில் வலிய சான்று இல்லை, நிறுவவும் இல்லை.

1962-ஆம் ஆண்டுப் போருக்குப்பின் எல்லைக் காவலின் பொருட்டு இம்மலைகளில் சாலைப்பணி விரைந்தது. நாளடைவில் வண்டிகள் வதரி வரை சென்றன. அதனால் கோலூன்றும் பருவத்தாரும் ஸேவிக்கப் பெற்றனர். இது சிறிய பேறன்று. மூன்றாம் திருமொழி அஞ்சிய முதுமையைச் சாலை ஒருவாறு வென்றது.

ஆனால் அச்சாலையைத் தாங்கும் மலை உறுதியானதன்று. 1893-இல் பிரஹி கங்கையை மலைச்சரிவு அடைத்து ஏரியாக்கியது. மறு ஆண்டு அது உடைந்து கீழே ஸ்ரீநகரை அழித்தது. ஜோஷிமடம் பழைய சரிவின் மண்ணும் கல்லும் குவிந்த மேட்டின்மேல் அமர்ந்த ஊர் என்றும், அங்குப் பெருங்கட்டடங்கள் கூடா, பாறைகளை வெடி வைத்துத் தகர்க்கலாகாது என்றும், அரசு அமைத்த மிஸ்ரா குழு 1976-இலேயே அறிவித்திருந்தது. ஊரோ விடுதிகளும் மாடிகளுமாக வளர்ந்தது. 2023 ஜனவரியில் நிலம் அமிழ்ந்து எண்ணூற்றுக்கும் மேற்பட்ட கட்டடங்கள் விரிசலுற்றன. குடும்பங்கள் வீடுகளை விட்டு வெளியேற்றப்பட்டன. வதரியில் திருக்காப்பிட்டபின் ஆதிசங்கரரின் கத்தி பனிக்காலம் முழுதும் வந்து தங்குவது அவ்வூர் நரஸிம்ஹ ஸந்நிதியில்தான். வதரிக்கு ஏறும் வண்டிகளும் அவ்வூரைக் கடந்தே செல்கின்றன.