கண்மறைப்புச் சோதனை

ஓட்டுநரின் பார்வையை இடையிடையே மறைத்து, கார் ஓட்ட எத்தனை நொடிக்கு ஒருமுறை சாலையைப் பார்த்தாக வேண்டும் என்று அளக்கும் ஆய்வுமுறை. காருக்குள் உள்ள திரைகளும் பொத்தான்களும் கண்ணை எவ்வளவு நேரம் பிடித்துவைக்கின்றன என்பதைக் கணிக்கவும் இது பயன்படுகிறது.

தொடங்கியவர் அமெரிக்க உளவியலாளர் ஜான் செண்டர்ஸ். 1960களில், முகத்தின் மேல் மூடி விழுந்து எழும் தலைக்கவசம் ஒன்றை மாட்டிக்கொண்டு அவரே நெடுஞ்சாலையில் கார் ஓட்டினார். மூடி விழுந்தால் சாலை தெரியாது. எழும்போது கிடைக்கும் சிறு பொழுதுதான் பார்வை. சில ஓட்டங்களில் மூடி எழும் இடைவெளியை முன்பே வரையறுத்துவிட்டு, எந்த வேகம்வரை துணிந்து போக முடிகிறது என்று பார்த்தார். மற்றவற்றில் வேகத்தை மாற்றாமல், தேவைப்பட்டபோதெல்லாம் ஓட்டுபவரே மூடியைத் திறந்துகொண்டார். வேகம் கூடினாலும் வளைவுகள் மிகுந்தாலும் அடிக்கடி பார்க்க வேண்டியிருந்தது. இது எல்லோரும் உணர்ந்ததுதான். அதை எண்ணாக்கியதே அவர் செய்த காரியம். இந்தச் சோதனைக்கு 2011இல் இக் நோபல் பரிசு கிடைத்தது. அது கேலிப் பரிசுதான், ஆனால் ஆய்வு கேலிக்குரியதல்ல.

இன்றைய சோதனை பெரும்பாலும் ஆய்வுக்கூடத்தில், நிற்கும் காரிலேயே முடிந்துவிடுகிறது. பங்கேற்பவர் மின்னணுக் கண்ணாடி அணிந்து, தொடுதிரையில் ஒரு முகவரியைத் தேடுவது போன்ற வேலையைச் செய்கிறார். ஐஎஸ்ஓ 16673 தரப்படி கண்ணாடி 1.5 நொடி தெளிந்து, 1.5 நொடி மறைக்கும். இங்கே செண்டர்ஸின் ஏற்பாடு தலைகீழாகிவிட்டது: தெரியும் நேரம் திரைக்கு, மறையும் நேரம் சாலைக்கு. விட்ட இடத்திலிருந்து வேலையைத் தொடர முடியாமல், பட்டியலை மறுபடி மேலிருந்து தேட வைக்கும் திரை இதில் எளிதில் மாட்டிக்கொள்ளும்.

வர்ஜீனியாவில் 100 கார்களில் கேமரா பொருத்தி நடத்தி, 2006இல் வெளியான ஆய்வு, 2 நொடிக்கு மேல் சாலையிலிருந்து கண்ணை எடுத்தால் விபத்து அபாயம் குறைந்தது இரு மடங்காகிறது என்றது. 90 கி.மீ. வேகத்தில் அந்த 2 நொடிக்குள் கார் 50 மீட்டர் போய்விடும். அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்புத் துறை 2013இல் வெளியிட்ட வழிகாட்டுதல் ஒரு பார்வைக்கு 2 நொடி, ஒரு வேலைக்கு மொத்தம் 12 நொடி என்று வரம்பு வைத்தது. நிறுவனங்கள் அதைப் பின்பற்றியே ஆகவேண்டிய கட்டாயம் இல்லை. பொத்தான்களோ ஒவ்வொன்றாகத் திரைக்குள் போய்க்கொண்டிருந்தன.

2022இல் ஸ்வீடன் இதழ் 'வீ பீலேகரே' 110 கி.மீ. வேகத்தில் நடத்திய ஒப்பீட்டில், பொத்தான்கள் கொண்ட 2005ஆம் ஆண்டு வோல்வோவில் நான்கு வேலைகள் 10 நொடியில் முடிந்தன. மிகவும் பின்தங்கிய தொடுதிரைக் காருக்கு 44.6 நொடி ஆனது. இண்டிகேட்டர், ஹாரன், வைப்பர் போன்றவற்றுக்குத் தனிப் பொத்தானோ விசையோ இருந்தால்தான் முழு மதிப்பெண் என்று, கார்களின் பாதுகாப்பை மதிப்பிடும் யூரோ என்கேப் அமைப்பு 2026 முதல் விதித்திருக்கிறது.

கண் சாலையில் இருந்தும் மனம் அங்கில்லாத நிலை இந்தச் சோதனைக்குப் பிடிபடாது. யூட்டா பல்கலைக்கழகத்தில் டேவிட் ஸ்ட்ரேயர் குழு 2003இல் வெளியிட்ட ஆய்வில், கையில் பிடிக்காத போனில் பேசிக்கொண்டே ஓட்டியவர்கள், தாங்கள் நேராகப் பார்த்த விளம்பரப் பலகைகளைக்கூடப் பின்னர் சரியாக அடையாளம் காணவில்லை.