முளைகட்டிய பயறும் கோதுமைப்புல்லும்: ஒரே தட்டு, வேற வேற வரலாறு

1. போன மாசம் ஒரு அம்மா வந்தாங்க. வயசு 58. பல வருஷமா இன்சுலின் போடுறவங்க. அன்னைக்கு சர்க்கரை 480. "இன்சுலினை நிறுத்தி மூணு வாரம் ஆச்சு டாக்டர். மாடியில ட்ரேல கோதுமைப்புல் வளர்த்து காலையில ஜூஸ் குடிக்கிறேன். கூடவே முளைகட்டின பயறு"ன்னாங்க.

உடனே அட்மிஷன். பிழைச்சுட்டாங்க. டிஸ்சார்ஜ் அன்னைக்கு ஒரு கேள்வி கேட்டாங்க: "பயறு நல்லதுன்னா, புல்லும் நல்லதுதானே?"

நியாயமான கேள்விதான். பதில் வரலாற்றுல இருக்கு. கொஞ்சம் நீளம், பொறுமையா படிங்க.

2. முதல் உலகப்போர். இன்றைய இராக்கில், டைகிரிஸ் நதிக்கரையில் குத் அல்-அமாரா என்ற ஊர். ஜெனரல் டவுன்ஷெண்ட் தலைமையில் ஆறாவது பூனா டிவிஷன் உள்ளே, சுற்றிலும் துருக்கிப் படை. 1915 டிசம்பரில் தொடங்கிய முற்றுகை 1916 ஏப்ரல் 29 அன்று சரணடைதலில் முடிந்தது. உள்ளே இருந்த வீரர்களில் பெரும்பாலோர் இந்தியர்கள்.

3. சாப்பாடு குறையக் குறைய, ஒரே முகாமில் இரண்டு வேறு நோய்கள் வந்தன.

பிரிட்டிஷ் வீரர்களுக்கு வெள்ளை மாவு ரொட்டி. அவங்களுக்கு பெரிபெரி வந்தது. காரணம், வைட்டமின் பி1 குறைவு. இந்திய வீரர்களுக்கு ஆட்டா, அதனால பெரிபெரி வரலை. ஆனா குதிரை இறைச்சியை மத நம்பிக்கை காரணமா பெரும்பாலானவங்க கடைசி வாரங்கள் வரை தொடலை. காய்கறியும் இல்லை. அவங்களுக்கு ஸ்கர்வி வந்தது. குதிரை இறைச்சி சாப்பிட்ட பிரிட்டிஷ்காரர்கள் அதுல இருந்து தப்பிச்சாங்க. புது இறைச்சியில கொஞ்சம் வைட்டமின் சி இருக்கும்.

4. ஸ்கர்வின்னா என்ன? நம்ம உடம்பால வைட்டமின் சி தயாரிக்க முடியாது. அது இல்லாம ரெண்டு மூணு மாசம் போனா ஈறு வீங்கி ரத்தம் கசியும், பல் ஆடும், ஆறின பழைய புண் திரும்பத் திறக்கும். கடைசியில மரணம்.

குத் விழுந்த பிறகும் இது ஓயலை. 1916-இன் பிற்பாதியில் மட்டும் மெசொப்பொட்டேமியா முனையில் 11,000-க்கும் மேற்பட்ட இந்திய வீரர்களுக்கு ஸ்கர்வி. பாலைவனத்துக்குப் பச்சைக் காய்கறியை எப்படிக் கொண்டு போறது?

5. விடை அவங்க மூட்டையிலேயே இருந்தது. பருப்பு, கடலை. ஆனா காய்ஞ்ச நிலையில.

காய்ஞ்ச விதையில வைட்டமின் சி கிட்டத்தட்ட இல்லை. தண்ணி பட்டு விதை விழிச்சதும் என்சைம்கள் வேலையைத் தொடங்கும், முளையோட சேர்ந்து வைட்டமின் சி-யும் புதுசா உருவாகும். சும்மா இருந்த பருப்பு ரெண்டு நாள்ல மருந்தாகுது.

6. இதைத் தொட்டுட்டு தவறவிட்ட கதை ஒண்ணு இருக்கு. 1747-இல் ஜேம்ஸ் லிண்ட் என்ற கடற்படை மருத்துவர் 12 ஸ்கர்வி நோயாளிகளை ரெண்டு ரெண்டு பேரா பிரிச்சு ஆறு விதமான சிகிச்சை கொடுத்தார். ஆரஞ்சும் எலுமிச்சையும் சாப்பிட்ட ரெண்டு பேர்தான் சீக்கிரம் தேறினாங்க. ஆனா பல வருஷம் கழிச்சு மாக்பிரைட் என்ற மருத்துவர் முளைகட்டிய பார்லி, அதாவது மால்ட், போதும்னு சொன்னார். 1768-இல் கேப்டன் குக் தன் கப்பல்ல மால்ட் ஏத்திட்டுப் போய், பாராட்டியும் எழுதினார்.

பார்லி முளைச்சப்போ வைட்டமின் சி வந்தது உண்மை. ஆனா மால்ட் ஆக்க அதைச் சூளையில காயவைப்பாங்க. அந்தச் சூட்டுல எல்லாம் போயிடும். குக்கோட ஆட்களைக் காப்பாத்தினது போற இடமெல்லாம் அவர் வாங்கிப் போட்ட புதுக் கீரையும் காயும்தான்.

7. 1907-இல் நார்வேயில் ஹோல்ஸ்ட், ஃப்ரோலிக் இருவரும் கினிப் பன்றிகளுக்கும் ஸ்கர்வி வரும்னு கண்டுபிடிச்சாங்க. அதன் பிறகுதான் எந்த உணவு தடுக்கும்னு ஒவ்வொண்ணா சோதிக்க முடிஞ்சது. 1912-இல் அங்கேயே ஃப்யூர்ஸ்ட் என்பவர் முளைத்த விதைகள் ஸ்கர்வியைத் தடுக்கும்னு காட்டினார்.

போர்க்காலத்தில் லண்டன் லிஸ்டர் இன்ஸ்டிடியூட்டில் ஹேரியட் சிக், மார்கரெட் ஹியூம் என்ற இரண்டு பெண் விஞ்ஞானிகள் அதைத் தொடர்ந்தாங்க. ராணுவத்துக்கு அவங்க சொன்ன முறை: பருப்பை ஒரு நாள் ஊறவை, தண்ணியை வடி, காற்றோட்டமா ஈரத்தோட ஒண்ணு ரெண்டு நாள் வை, ரொம்ப நேரம் வேகவைக்காதே. நம்ம பாட்டிங்க ஈரத்துணியில கட்டித் தொங்கவிட்ட அதே முறை!

8. மனுஷங்ககிட்ட சோதிச்சாங்களா? சோதிச்சாங்க. வில்ட்ஷயர் என்ற மருத்துவர் ஸ்கர்வி வந்த செர்பிய வீரர்களில் ஒரு குழுவுக்கு எலுமிச்சைச் சாறும் இன்னொரு குழுவுக்கு முளைகட்டிய பீன்ஸும் கொடுத்தார். முளை எலுமிச்சைக்குக் குறையலை. முடிவு 1918-இல் லான்செட்டில் வந்தது. பிறகு 1940 வாக்கில் பஞ்சாபின் ஹிசார் பஞ்சத்தில் ஸ்கர்வி பரவினப்போ முளைகட்டிய கடலை கொடுத்துத்தான் கட்டுப்படுத்தினாங்க.

ஆக, முளைப்பயறு பரீட்சை எழுதி பாஸான உணவு. பாஸானது ஸ்கர்வி என்ற ஒரு பாடத்துல மட்டும்.

9. இப்போ கோதுமைப்புல். 1930-களில் அமெரிக்காவின் கான்சஸ் சிட்டியில் சார்ல்ஸ் ஷ்நாபெல் என்பவர் இளம் புல்லைக் கோழிகளுக்குப் போட்டு, முட்டை கூடுதுன்னு சொன்னார். பிறகு புல் பொடி மனுஷங்களுக்கும் விற்பனைக்கு வந்தது. அதே காலத்துல குளோரோஃபில்லும் நம்ம ரத்தத்தின் ஹீமும் அமைப்புல ஒத்துப்போகுதுன்னு வேதியியல் காட்டியிருந்தது. ஒண்ணுல நடுவே மெக்னீசியம், இன்னொண்ணுல இரும்பு. "பச்சை ரத்தம்" என்ற பேச்சுக்கு இதைத்தான் ஆதாரமா காட்டுறாங்க. ஆனா குடிச்ச குளோரோஃபில் ஹீமோகுளோபினா மாறாது.

10. புல்லை வீட்டு ட்ரேக்குக் கொண்டு வந்தவர் பாஸ்டனில் இருந்த ஆன் விக்மோர். தன் முறையால் இன்சுலின் தேவை குறையும், நிற்கவும் கூடும்னு பிரசாரம் செஞ்சார். 1982-இல் மாசசூசெட்ஸ் அட்டர்னி ஜெனரல் வழக்குப் போட, அந்தக் கூற்றை வாபஸ் வாங்கினார்.

அவர் வாபஸ் வாங்கிட்டார். அந்த வாக்கியம் மட்டும் இன்னைக்கும் வாட்ஸப்ல சுத்துது. என் நோயாளி நம்பினது அதைத்தான்.

11. புல்லை யாருமே சோதிக்கலையா? சோதிச்சாங்க. 2002-இல் இஸ்ரேலில் பெருங்குடல் புண் நோயாளிகளிடம் நடந்த ஒரு சின்ன ஆய்வில் பலன் தெரிஞ்சது. 2004-இல் சண்டிகரில் தலசீமியா குழந்தைகள் சிலருக்கு ரத்தம் ஏத்தும் தேவை குறைஞ்சதுன்னாங்க. 2009-இல் வந்த இன்னொரு இந்திய ஆய்வில் அந்தப் பலன் கிடைக்கலை. இன்சுலினை நிறுத்தலாம்னு எந்த ஆய்வும் சொல்லலை.

12. பயறுக்கும் ஒரு எச்சரிக்கை. முளைக்கத் தேவையான ஈரமும் கதகதப்பும் கிருமிக்கும் பிடிக்கும். 2011-இல் ஜெர்மனியில் வெந்தய முளையோட தொடர்புள்ள ஈ.கோலை பரவலில் சுமார் 3,800 பேருக்கு நோய், 50-க்கும் மேற்பட்டோர் மரணம். அதனால:

• கையும் பாத்திரமும் சுத்தம், நல்ல தண்ணி. ஊறின தண்ணியைக் கொட்டிடுங்க.
• வழவழப்போ வாடையோ வந்தா தூக்கிப் போடுங்க.
• கர்ப்பிணிகள், சின்னக் குழந்தைகள், வயசானவங்க, எதிர்ப்பு சக்தி குறைஞ்சவங்க பச்சையா சாப்பிட வேண்டாம். நல்லா வேகவைச்சுத்தான். வைட்டமின் சி கொஞ்சம் போகும். ஒரு கொய்யாப்பழத்துல அதை எடுத்துக்கலாம்.
• வார்ஃபரின் சாப்பிடுறவங்க புல் ஜூஸ் குடிக்கிறதா இருந்தா டாக்டர்கிட்ட சொல்லுங்க. பச்சை இலைகள்ல உள்ள வைட்டமின் கே அந்த மருந்தோட வேலையைக் குறைக்கும்.

13. அந்த அம்மாகிட்ட சொன்னது இதுதான்: "பயறு முளைகட்டி வேகவைச்சுச் சாப்பிடுங்க. புல் பிடிச்சிருந்தா வளருங்க, ஒரு கீரை மாதிரி நினைச்சுக்கோங்க. இன்சுலினை மட்டும் நிறுத்தாதீங்க."

நேத்து ரிவ்யூவுக்கு வந்தாங்க. சாப்பாட்டுக்கு முன் சர்க்கரை 132. ட்ரேல இப்போ வெந்தயக்கீரை போட்டிருக்காங்களாம்.