/யூஎஸ்ஆர்: இடம் போதாமல் பிறந்த பிரிவினை

லினக்ஸ் பழகுகிறவர்கள் என்றாவது ஒருநாள் கேட்டுவிடுவார்கள்: கட்டளைகளை வைக்க /பின் இருக்கும்போது /யூஎஸ்ஆர்/பின் எதற்கு? பாடப்புத்தகங்களில் கம்பீரமான விளக்கங்கள் உண்டு. நடந்தது என்னவோ, டிஸ்க் நிரம்பிவிட்டது. அவ்வளவுதான்.

1970களின் தொடக்கத்தில், நியூஜெர்சியின் மர்ரே ஹில்லில் இருந்த பெல் ஆய்வகத்தில், கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் பிடிபி-11 கணினியில் யூனிக்ஸை வளர்த்துக்கொண்டிருந்தார்கள். கோப்பு மரத்தின் தொடக்கமான ரூட் இருந்த டிஸ்க் வேகமானது, ஆனால் குட்டி. 1974இல் இருவரும் எழுதிய கட்டுரையிலேயே அதன் அளவு 1 மெகாபைட்தான். நினைவகம் போதாதபோது கைகொடுக்கும் ஸ்வாப்புக்கும் அதில்தான் இடம். கழற்றி மாட்டும் டிஸ்க்குகளில் ஒரு வகை, ஒவ்வொன்றும் 2.5 மெகாபைட். தொடக்கத்தில் அந்த வகை டிஸ்க்கில் இருந்தது /யூஎஸ்ஆர். ஆட்களின் சொந்தக் கோப்புகள் அங்கே, /யூஎஸ்ஆர்/கென் என்பதுபோல. ரூட்டில் இடம் கிடைக்காத நிரல்களும் அங்கேயே போய் ஒதுங்கின.

கூடவே ஒரு விதியும் வந்தது. டிஸ்க்கைக் கோப்பு மரத்தில் இணைக்கும் மவுண்ட் கட்டளை /யூஎஸ்ஆருக்குள் இருக்கக் கூடாது. இருந்தால் பெட்டிச் சாவியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிய கதைதான். ஆக, கணினி எழுந்து நிற்கத் தேவையானவை /பின்னில், மற்றவை /யூஎஸ்ஆர்/பின்னில்.

டிஸ்க்குகள் பெருத்தன. ஆட்களின் கோப்புகள் லினக்ஸில் /ஹோமுக்குக் குடிபோயின. பிரிவினை மட்டும் போகவில்லை. ஒரே /யூஎஸ்ஆரை நெட்வொர்க் வழியாகப் பல கணினிகள் பகிரலாம், ரூட் சிறிதாக இருந்தால் பழுது பார்ப்பது எளிது என்று புதுக் காரணங்கள் சேர்ந்தன. அவை பொய்யல்ல, பிந்தியவை.

ஆட்டத்தை மாற்றியது இனிட்ராம்எஃப்எஸ். 2003 இறுதியில் வந்த லினக்ஸ் 2.6 கெர்னலிலிருந்து, ஒரு சிறு கோப்புத் தொகுப்பை நினைவகத்தில் விரித்து, அதிலுள்ள முதல் நிரலான இனிட்டை ஓடவிட்டுத் துவங்க முடிகிறது. டிரைவரை ஏற்றுவது, குறியாக்கம் செய்த டிஸ்க்கைத் திறப்பது, ரூட்டை மவுண்ட் செய்வது எல்லாம் அதன் வேலை. போகிற போக்கில் /யூஎஸ்ஆரையும் மவுண்ட் செய்துவிட்டுப் பொறுப்பை ஒப்படைக்கலாம். /பின் தனியாக இருந்ததன் நியாயம் அங்கே முடிந்தது. இதற்கிடையே, சாதனங்களைக் கவனிக்கும் யூடெவின் விதிகள் சில, இன்னும் மவுண்ட் ஆகாத /யூஎஸ்ஆரிலுள்ள நிரல்களைக் கூப்பிட்டுச் சத்தமில்லாமல் தோற்றுக்கொண்டிருந்தன.

2012 மே மாதம் வெளியான ஃபெடோரா 17, /பின், /எஸ்பின், /லிப் ஆகியவற்றை /யூஎஸ்ஆரைச் சுட்டும் இணைப்புகளாக மாற்றியது. அடுத்த ஆண்டு ஆர்ச் லினக்ஸும் பின்தொடர்ந்தது. டெபியனுக்கோ, அது கட்டாயமாக 2023இல் டெபியன் 12 வரவேண்டியிருந்தது. சோம்பல் அல்ல. /பின்னிலும் /யூஎஸ்ஆர்/பின்னிலும் தெரிவது ஒரே கோப்புதான் என்பது டெபியனில் பேக்கேஜ்களை நிறுவும் டிபிகேஜிக்குத் தெரியாது. ஒரு கோப்பு டைரக்டரியும் மாறி பேக்கேஜும் மாறினால் அப்டேட்டில் காணாமலே போகக்கூடும். இந்த ஒன்றிணைப்பை எதிர்த்தவர்களைப் பழமைவாதிகள் என்று ஒதுக்கியது அநியாயம் என்பேன்.

இன்னும் /யூஎஸ்ஆரைத் தனிப் பார்ட்டிஷனில் வைத்திருப்பவர்கள் அஞ்ச வேண்டாம். அதை உங்கள் இனிட்ராம்எஃப்எஸ் மவுண்ட் செய்கிறதா என்று மட்டும், அடுத்த அப்டேட்டுக்கு முன் பார்த்துவிடுங்கள்.