விருத்தாசலம் வட்டாரத்து வரகும் உடல் எடையும்

பீங்கான் தொழிலால் பெயர்பெற்ற விருத்தாசலத்தைச் சுற்றியுள்ள மானாவாரி நிலங்களில் வரகும் கம்பும் விளைந்தன. வரகின் உமி தடித்தது, பல அடுக்கு கொண்டது. அதைத் திரிகையில் அரைத்து, உரலில் குத்தி, முறத்தில் புடைத்த பிறகே உலை வைக்க முடியும். சோற்றுக்கு முன்பே உடல் உழைத்துவிடும். நார்ச்சத்து மிகுந்த அந்தச் சோறு சீக்கிரம் பசியாற்றும். இருபதாம் நூற்றாண்டில் அரிசி ஆலையும் ரேஷன் கடையும் பட்டினியைக் குறைத்தன. அது பெரும் நன்மை. ஆனால் தீட்டிய அரிசி மூன்று வேளையும் தட்டில் ஏறியது, உழைப்போ குறைந்தது; உடல் எடை கூடியது.

ஐ.நா. 2023ஆம் ஆண்டை வரகு, கம்பு போன்ற சிறுதானியங்களின் ஆண்டாக அறிவித்தது. அதே ஆண்டு நவம்பரில் தமிழக அரசு மாவட்டந்தோறும் 8 கி.மீ. நடைபாதைத் திட்டத்தைத் தொடங்கியது. ஒருவேளை வரகுச்சோறு, அன்றாட நடை எனத் தொடர்பவருக்கு எடை மெல்லவே குறையும். வாரம் அரை கிலோ குறைந்தாலே போதுமானது.