முதுகில் ஜெட் சுமந்த 'பாக்கெட்'

நம்ம காஞ்சிப் பக்கம் தறி பழசானால் உடனே விறகுக்குப் போடுவதில்லை. தேய்ந்த பாகத்தை மாற்றி ஓட்டுவார்கள். முசரவாக்கத்தில் வளர்ந்த எனக்கு, லடாக்கில் நம் விமானப்படை செய்ததும் அதேபோலத்தான் தெரிகிறது.

1954-ல் அமெரிக்க சி-119 'பாக்கெட்' சரக்கு விமானங்கள் வந்தன. இரண்டு பிஸ்டன் என்ஜின், இரண்டு புரொப்பெல்லர். உயரம் ஏற ஏறக் காற்று மெலியும். என்ஜினுக்கு மூச்சு முட்டும், இறக்கைக்கும் தூக்குவிசை குறையும். என்ன செய்தார்கள் தெரியுமா? விமானத்தின் முதுகிலே ஒரு ஜெட் என்ஜினைப் பொருத்தினார்கள்! பின்னாளில் பெங்களூர் எச்.ஏ.எல். தயாரித்த ஆர்ஃபியஸ் என்ஜின் அந்த வேலையைச் செய்தது. 1962 ஜூலையில், 16,000 அடிக்கு மேலுள்ள தௌலத் பெக் ஓல்டியில் பாக்கெட் இறங்கியது. 1980-கள் வரை உழைத்தது.

1984-ல் சோவியத் ஏ.என்.-32 வந்தது. 43 ஆண்டு மூடிக்கிடந்த அதே தளத்தில் 2008 மே 31-ல் இறங்கியது. 2009-ல் புதுப்பிக்க உக்ரைனோடு ஒப்பந்தம். 2014-க்குப் பின் அங்கிருந்து உதிரிபாகம் வருவது தடைப்பட்டது.

2016 ஜூலை 22-ல் நம் தாம்பரத்திலிருந்து கிளம்பிய ஏ.என்.-32, 29 பேரோடு வங்கக்கடலில் மறைந்தது. சிதைவுகள் 3,400 மீட்டர் ஆழத்தில் கிடப்பது 2024-ல்தான் தெரிந்தது. வயதுதான் காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் மாணவத் தம்பி தங்கைகளே, பழைய இயந்திரத்துக்குச் 'சரி' என்று கையெழுத்துப் போடுமுன், அதில் ஏறப்போகிறவர்களை ஒரு நிமிஷம் நினைச்சுப் பாருங்க.