திரைக்குப் பின்னால் பார்த்தவர்கள்

1851இல் ஹெல்ம்ஹோல்ட்ஸ் தம் கண்நோக்குக் கருவியை அறிவித்தபோது, உயிருள்ள மனிதரின் விழித்திரை மருத்துவர்களுக்குக் காணக் கிடைத்தது. அதன் பின்னாலிருந்து வெளியடுக்குகளுக்கு ஊட்டம் தரும் கோராய்டு என்ற ரத்தக்குழாய்ப் படலமோ பிடிபடவில்லை. கண்ணுக்கு வரும் ரத்தத்தில் பெரும்பங்கு அதற்கே போகிறது. ஆனாலும் நிறமிப் படலம் அதை மூடி நின்றது. அந்த மறைப்பை நீக்கிய முன்னோடிகளை இம்மலரில் நினைவுகூர்வது, கண் படமெடுப்புத் துறையினராகிய நமது கடமை.

தொடக்கம் எளிமையானது. அமெரிக்காவின் இந்தியானா பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயின்றுகொண்டிருந்த ஹெரால்டு நோவோட்னியும் டேவிட் ஆல்விசும், ஃப்ளோரசின் சாயத்தை நரம்பில் செலுத்தி விழித்திரையின் ரத்த ஓட்டத்தைப் படமெடுக்க முனைந்தார்கள். முதல் ஊசி யாருக்கு? நாணயம் சுண்டிப் பார்த்தார்கள். ஆல்விஸ் கை நீட்டினார். கண் மருத்துவ இதழ்கள் அவர்களின் கட்டுரையை ஏற்கவில்லை. இதய மருத்துவ இதழான ‘சர்குலேஷன்’ அதை 1961இல் வெளியிட்டது. இன்று ஆஞ்சியோகிராம் எடுக்கும் ஒவ்வொருவரும் அந்தக் கைக்குக் கடன்பட்டவர்களே.

ஆயினும் ஃப்ளோரசின் கோராய்டின் நுண்குழாய்களில் கசிந்து பரவிவிடும். அடியில் இருப்பது மங்கிப்போகும். எழுபதுகளில் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் ராபர்ட் ஃப்ளவரும் பெர்னார்டு ஹாக்ஹைமரும், இதய ஆய்வில் பயன்பட்டுவந்த இண்டோசயனைன் கிரீன் சாயத்தைக் கையிலெடுத்தனர். ரத்தப் புரதத்தோடு ஒட்டிக்கொள்வதால் அது எளிதில் கசியாது. அகச்சிவப்புக்கு அருகிலுள்ள ஒளியில் இயங்குவதால் நிறமியையும் ஊடுருவிவரும். ஆனால் அதன் ஒளிர்வு மிக மெல்லியது. அந்நாளைய ஃபிலிமுக்கு எட்டவில்லை. தொண்ணூறுகளில் டிஜிட்டல் கேமரா வந்த பிறகே அவர்களின் உழைப்பு பலன் தந்தது. நியூயார்க்கின் லாரன்ஸ் யானுஸி 1982 முதல் பேசிவந்த, கோராய்டுக் குழாய்களின் பாலிப்பாய்டல் நோய் இந்தச் சாயத்தால் தெளிவாகத் தெரிந்தது. ஆசியர்களிடம் அதிகம் காணப்படும் நோய் என்பதால் நமக்கு அது இன்னும் முக்கியம்.

1991இல் எம்.ஐ.டி.யின் ஜேம்ஸ் ஃபுஜிமோட்டோவும் டேவிட் ஹுவாங்கும் சகாக்களும் ஓசிடி என்ற ஒளிவழிப் படமுறையை வெளியிட்டனர். ஊசியின்றி விழித்திரையின் குறுக்குவெட்டு கிடைத்தது. கோராய்டு மட்டும் இன்னும் புகைமூட்டமாகவே இருந்தது. 2008இல் ரிச்சர்டு ஸ்பெய்டும் குழுவினரும் அதற்கு வழி கண்டனர். புதிய கருவி எதுவும் தேவைப்படவில்லை. இருந்த கருவியையே கண்ணுக்கு இன்னும் நெருக்கினார்கள். படம் தலைகீழானது, கருவி கூர்மையாகப் பதிவுசெய்யும் பகுதிக்குள் கோராய்டு வந்து சேர்ந்தது. பல ஸ்கேன்களைச் சராசரி எடுத்து இரைச்சலையும் குறைத்தனர். நம் துறையின் சாதனைகளில் மிகச் சிக்கனமானது இதுவே என்பேன்.

அதன்பின் அளவுகள் பேசத் தொடங்கின. 2009இல் வெளியான ஆய்வுகளில், இயல்பான கண்களில் மையக்குழிக்கு அடியே கோராய்டின் தடிமன் சராசரி 287 மைக்ரான். சென்ட்ரல் சீரஸ் நோயாளிகளிடம் 505. விழித்திரைக்கு அடியில் நீர் கோக்கும் அந்நோயின் வேர் கோராய்டில் இருப்பது உறுதிப்பட்டது. கடுங்கிட்டப்பார்வையில் அப்படலம் மெலிந்திருந்தது. வி.கே.எச். என்ற அழற்சி நோயில் வீங்கி, ஸ்டீராய்டு தந்ததும் வடிந்தது.

2013இல், தடித்த கோராய்டைக் குறிக்கும் ‘பாக்கிகோராய்டு’ என்ற பெயர் வழக்கில் நுழைந்தது. 2014இல் ஜப்பானின் ககோஷிமா குழுவினர் ஓசிடி படத்தைக் கறுப்பு வெள்ளையாகப் பிரித்துக் குழாய்களைத் தனியே அளந்தனர். 2016இல் சிங்கப்பூரிலிருந்து கோராய்டு குழாய்க் குறியீடு வந்தது. தடிமனை மட்டும் அளந்துகொண்டிருந்த நம்மவர்கள், அந்தத் தடிமனில் குழாய் எத்தனை பங்கு, இடைத்திசு எத்தனை பங்கு என்றும் சொல்லத் தொடங்கினார்கள்.