இன்வெர்ட்டருக்குள் ஒன்று, ரயில் இன்ஜினுக்குள் இன்னொன்று

2011 டிசம்பர் 30 காலை, தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது. மின்கம்பங்கள் சாய்ந்து, கடலூர் மாவட்டமே இருண்டு கிடந்தது. அடுத்த வருஷம் தமிழகம் முழுக்க மணிக்கணக்கில் மின்வெட்டு. கடலூர், சிதம்பரம் பக்கம் "வீட்ல இன்வெர்ட்டர் இருக்கா?" என்பது சாதாரண விசாரிப்பாகவே ஆகிப்போனது. பேட்டரி விடியும்வரை தாங்குமா என்பதைத் தீர்மானித்ததில், உள்ளே இருந்த டிரான்சிஸ்டருக்கும் பங்கு உண்டு.

நான் சாஃப்ட்வேர் ஆள்தான். ஆனாலும் பழைய டேட்டாஷீட்களைப் படிப்பதில் ஒரு ருசி. அதில் கிடைத்த கணக்கு இது.

1960களின் தொடக்கத்தில் ஆர்.சி.ஏ. நிறுவனம் கொண்டுவந்த 2என்3055, ரேடியோ கடைக்காரர்களின் செல்லப்பிள்ளை. 10 ஆம்பியர் ஓட்ட, பேஸில் 3.3 ஆம்பியர் கொடுத்தாலும் அது 3 வோல்ட் வரை விழுங்கலாம். 12 வோல்ட் பேட்டரியில் அது கால் பங்கு! வேகமும் குறைவு.

1970களின் இறுதியில் பவர் மாஸ்ஃபெட் பரவத் தொடங்கியது. அந்தக் குடும்பத்தில் பின்னால் வந்த ஐ.ஆர்.எஃப்.இசட்.44என், அதே 10 ஆம்பியருக்கு 0.2 வோல்ட்கூட விழுங்காது. அதிகபட்ச மின்தடை 17.5 மில்லிஓம்தான். கிலோஹெர்ட்ஸ் கணக்கில் திறந்து மூடினாலும் அசராது. ஒரு நிபந்தனை: ஒவ்வொரு முறையும் கேட்டை நிரப்பிக் காலி செய்ய, நல்ல டிரைவர் வேண்டும்.

அப்படியென்றால் எல்லாவற்றுக்கும் மாஸ்ஃபெட்டே போதுமே? போதாது. தாங்க வேண்டிய வோல்டேஜ் ஏற ஏற, சிலிக்கான் மாஸ்ஃபெட்டின் மின்தடை எகிறிவிடும். இந்த முட்டுச்சந்தில் வழி திறந்தவர்களில் முக்கியமானவர் ஜெயந்த் பாலிகா. சென்னையில் பிறந்து, 1969இல் ஐ.ஐ.டி. மெட்ராஸில் பட்டம் பெற்று, அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக்கில் வேலை பார்த்தவர். 1980களின் தொடக்கத்தில் மாஸ்ஃபெட்டின் கேட்டையும் பழைய டிரான்சிஸ்டரின் உடம்பையும் சேர்த்து ஐ.ஜி.பி.டி.யை உருவாக்கினார். 2024இல் அவருக்கு மில்லினியம் தொழில்நுட்பப் பரிசு கிடைத்தது.

ஐ.ஜி.பி.டி. சுமார் 2 வோல்ட் விழுங்கும். 12 வோல்ட் இன்வெர்ட்டரில் அது பெரிய நஷ்டம். ஆயிரம் வோல்ட்டுக்கு மேல் ஓடும் ரயில் இன்ஜினில் தூசு. அணைத்த பிறகும் உள்ளே தங்கிய மின்னூட்டம் வெளியேற நேரம் பிடிப்பதால், மாஸ்ஃபெட்டின் வேகம் அதற்கு வராது. ரயில் மோட்டாருக்கு அந்த வேகம் தேவையும் இல்லை.

ஆகவே, எனக்குத் தெரிந்த வரிசை இதுதான்: முதலில் வோல்டேஜ், அப்புறம் மின்னோட்டம், பிறகு வேகம், கடைசியில் சூடு. சிதம்பரம் வழியாக இப்போது மின்சார ரயில் ஓடுகிறது. நவீன மூன்று ஃபேஸ் இன்ஜின் என்றால் அதை இழுப்பது ஐ.ஜி.பி.டி. தண்டவாளத்தை ஒட்டிய வீட்டில் மின்வெட்டில் ஃபேனைச் சுழற்றுவது மாஸ்ஃபெட். இரண்டையும் இடம் மாற்றினால் இரண்டுமே உருப்படாது.